கழுவிய தட்டணுக்கள்: யாருக்குக் கேட்பது, எப்படித் தயாரிப்பது?

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் பொறுப்பில் உள்ள ஒரு நோயாளிக்குத் தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) ஏற்றும்போதெல்லாம் உடலில் தடிப்புகள் எழுகின்றன. ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும் முன்கூட்டியே கொடுத்தும் பயனில்லை. அண்மையில் ஏற்றியபோது பை பாதிகூட இறங்காத நிலையில் மூச்சிரைப்பு ஏற்பட்டு இரத்த அழுத்தமும் சரிந்தது. உடனே நிறுத்தி, அட்ரினலின் கொடுத்து நிலைமையைச் சீராக்கினோம். கீமோதெரபி இன்னும் முடியவில்லை என்பதால் அவருக்குத் தட்டணுக்கள் மீண்டும் தேவைப்படும்.

அடுத்த முறை கழுவிய தட்டணுக்களைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியான முடிவா? கழுவினால் ஆபத்து முழுமையாக நீங்குமா? அல்லது வேறு எதையாவது இழக்கிறோமா? இரத்த வங்கியில் பணிபுரிவோர் விரிவாக விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

குருதிவங்கி எழுதியது:

மருத்துவரே, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இவருக்குக் கழுவிய தட்டணுக்களைக் கேட்பது நியாயமே. ஆனால் எந்த நோயாளியானாலும், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இவரைத் துன்புறுத்துவது தட்டணுவா, அது மிதந்துகொண்டிருக்கும் பிளாஸ்மாவா? கழுவுதல் என்பது பிளாஸ்மாவை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வேறொரு கரைசலை வைப்பதுதான். பிளாஸ்மாவில் உள்ள புரதம், எதிர்ப்பான்கள், சேமிப்புக் காலத்தில் சுரந்து தேங்கிய சைட்டோகைன்கள் என்னும் அழற்சிப் பொருள்கள் ஆகியவை அதனுடன் போய்விடும். தட்டணுவின் மேற்பரப்பில் உள்ள எச்.எல்.ஏ. புரதங்களும் (ஆளுக்கு ஆள் வேறுபடும் திசு அடையாளங்கள்) ஏ, பி இரத்த வகை அடையாளங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். பையில் தங்கிவிட்ட லிம்போசைட்டுகளும் (ஒரு வகை வெள்ளணுக்கள்) அப்படியே இருக்கும்.

இதனால்தான் எச்.எல்.ஏ. எதிர்ப்பான் காரணமாகத் தட்டணு எண்ணிக்கை உயராத நோயாளிக்குக் கழுவிய பையால் நன்மை இல்லை. அவருக்குப் பொருத்தம் பார்த்த கொடையாளர்தான் வேண்டும். ஏற்றப்பட்ட இரத்தத்தின் லிம்போசைட்டுகள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஆபத்தையும் கழுவுதல் நீக்காது. அதற்குக் கதிர்வீச்சே தீர்வு. பையின் மையத்தில் 25 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவு கிடைக்குமாறு கொடுப்பது வழக்கம். கழுவியாயிற்று என்று எண்ணிக் கதிர்வீச்சை விட்டுவிடுவது பெரும் ஆபத்தில் முடியும்.

காய்ச்சலும் நடுக்கமும் மட்டுமே தொல்லை என்றால் வேறு விதமாக யோசிக்க வேண்டும். 1994இல் நான்சி ஹெடில் குழுவினர் ஓர் அருமையான ஆய்வை வெளியிட்டார்கள். தட்டணுப் பையின் பிளாஸ்மாவையும் அணுக்களையும் தனித்தனியாகப் பிரித்து, ஒரே நோயாளிக்கு இரண்டையும் வெவ்வேறு வரிசையில் ஏற்றிப் பார்த்தார்கள். பிளாஸ்மா ஏற்றிய பிறகே எதிர்விளைவுகள் அதிகம் தோன்றின. பையில் தேங்கியிருந்த இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 ஆகிய சைட்டோகைன்களின் அளவோடு அவை ஒத்துப்போயின. அந்தப் பொருள்களைச் சுரப்பவை பையில் கலந்திருக்கும் வெள்ளணுக்கள். ஆகவே சேமிக்கும் முன்பே வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கிவிட்டால் இத்தகைய காய்ச்சல் பெருமளவு குறையும். அதற்காகக் கழுவ வேண்டிய தேவை அநேகமாக எழாது.

உங்கள் நோயாளியின் நிலை வேறு. தடிப்பும் மூச்சிரைப்பும் அழுத்தச் சரிவும் சேர்ந்து வருவது, கொடையாளரின் பிளாஸ்மாப் புரதத்துக்கு எதிராக அவர் உடல் கடுமையாக எதிர்வினை புரிகிறது என்பதற்கான அடையாளம். இங்குதான் கழுவுதல் தன் முழுப் பயனைத் தரும். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாதாரண அஃபெரெசிஸ் (ஒரே கொடையாளரிடமிருந்து எந்திரத்தால் பிரித்தெடுத்த) பைகளில் சுமார் 5.5 விழுக்காடாக இருந்த ஒவ்வாமை எதிர்விளைவு, பிளாஸ்மாவைக் குறைத்துச் செறிவாக்கிய பைகளில் 1.7 விழுக்காடாகவும் கழுவிய பைகளில் 0.5 விழுக்காடாகவும் இறங்கியது.

அடுத்த பைக்கு முன் இவருடைய ஐ.ஜி.ஏ. அளவையும் ஹேப்டோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். இரண்டும் பிளாஸ்மாப் புரதங்கள்; இவை அறவே இல்லாதவர் உடல், கொடையாளரின் புரதத்தை அந்நியமாகக் கருதி எதிர்க்கக்கூடும். இரத்தமேற்றலுக்கு முன் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் எஞ்சியிருந்தால் அதில் பார்ப்பதே நம்பகமானது. ஏற்கெனவே ஏற்றிய பிளாஸ்மாவில் கொடையாளரின் ஐ.ஜி.ஏ. கலந்திருந்தால் முடிவு திரிந்துவிடும். அழுத்தச் சரிவுக்கு நுண்ணுயிர் கலந்த பை காரணமல்ல என்பதையும் உறுதி செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அறை வெப்பநிலையில் வைக்கப்படும் பொருள் என்பதால், தட்டணு ஏற்றும்போது அழுத்தம் சரிந்தால் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் ஒவ்வாமை என்று முடிவு கட்டக் கூடாது.

---

முதுநிலை மாணவி எழுதியது:

ஐயா, ஓர் ஐயம். சிவப்பணுக்களைக் கழுவும்போது இரண்டு மூன்று லிட்டர் சலைன் ஓடவிட்டுப் புரதம் ஏறக்குறைய இல்லாத அளவுக்குச் சுத்தம் செய்கிறோம். தட்டணுக்களையும் அப்படியே சலைனில் நன்றாகக் கழுவினால் என்ன? ஒரு முறை, இரண்டு முறை என்று ஏன் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்?

---

குருதிவங்கி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. இதற்குள்தான் இந்தத் தயாரிப்பின் முழுச் சிக்கலும் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 250 மில்லி பிளாஸ்மாவில் மிதக்கும் ஒரு அஃபெரெசிஸ் பையை எடுத்துக்கொள்வோம். கொடையாளரின் ஐ.ஜி.ஏ. ஒரு டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால் பையில் மொத்தம் 500 மில்லிகிராம் ஐ.ஜி.ஏ. இருக்கிறது. சுழற்றி, அணுக்களை அடியில் படியவைத்து, 20 மில்லி மட்டும் விட்டுவிட்டு மீதியை வெளியேற்றினால் எஞ்சுவது 40 மில்லிகிராம். அதை 200 மில்லி கரைசலில் கலந்து, மீண்டும் சுழற்றி, மறுபடியும் 20 மில்லியில் நிறுத்தினால் ஏறக்குறைய 4 மில்லிகிராம். இரண்டே கழுவல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு போய்விட்டது. மூன்றாவது முறையில் கிடைக்கும் கூடுதல் நன்மை மிகச் சிறியது.

இனி இழப்பைப் பாருங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் மேல்நீரோடு சில தட்டணுக்கள் வெளியேறுகின்றன. சில ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. சில பையின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. கழுவலில் மொத்தமாக மூன்றில் ஒரு பங்கு வரை இழக்க நேரலாம் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. 30,000 கோடித் தட்டணுக்கள் உள்ள பை, கால் பங்கு இழந்தாலே 22,500 கோடியாகிவிடும். நல்ல பை ஒன்று வயதுவந்த நோயாளிக்கு மைக்ரோலிட்டருக்கு 30,000 முதல் 50,000 வரை உயர்த்தும் என்று எதிர்பார்ப்போம். கழுவிய பையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. கழுவிய பை ஏற்றிய பின் எண்ணிக்கை போதுமான அளவு உயராததைக் கண்டு, நோயாளிக்கு எதிர்ப்பான் உருவாகிவிட்டது என்று தவறாக முடிவெடுக்கும் ஆபத்தும் இங்கே உண்டு. திருத்திய உயர்வைக் (நோயாளியின் உடல் பரப்பையும் ஏற்றிய தட்டணு எண்ணிக்கையையும் கணக்கில் கொண்ட உயர்வு) கணக்கிடும்போது கழுவிய பின் எண்ணிய எண்ணிக்கையைத்தான் அளவாக எடுக்க வேண்டும்.

மூன்றாவதே முக்கியமானது. சிவப்பணு அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். தட்டணுவோ தூண்டப்படுவதற்காகவே படைக்கப்பட்ட அணு. காயத்தைக் கண்டால் கணப்பொழுதில் வடிவம் மாறி, உள்ளே இருக்கும் துகள்களை வெளியே கொட்டி, அருகில் உள்ள தட்டணுவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் இயல்பு. சுழற்சியில் அடியில் நெருக்கி அழுத்தப்படும்போது அது அதையே செய்யத் தொடங்குகிறது. தூண்டப்பட்ட தட்டணுவின் மேற்பரப்பில் பி-செலக்டின் என்னும் புரதம் வெளிப்படும். கழுவலின் தரத்தை ஆராய்பவர்கள் அதைத்தான் அளந்து பார்க்கிறார்கள். ஏற்றுவதற்கு முன்பே பையில் தன் வேலையைச் செய்து முடித்துவிட்ட தட்டணுவால் நோயாளிக்குப் பயன் இல்லை.

சலைனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெறும் சலைனில் குளுக்கோஸ் கிடையாது. அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் கிடையாது. தட்டணுக்கள் பையிலும் உயிரோடு இயங்குகின்றன. குளுக்கோஸை எரித்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பிளாஸ்மாவில் இருக்கும் பைகார்பனேட் அதை ஏற்றுக்கொள்கிறது. விளைந்த கார்பன் டை ஆக்சைடு, வாயு ஊடுருவக்கூடிய பையின் சுவர் வழியே வெளியேறுகிறது. பிளாஸ்மாவை நீக்கும்போது இந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே நீக்குகிறோம். சலைனில் கழுவிய தட்டணுக்களை விரைந்து ஏற்றிவிட வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

ஆய்வகத்தூண் எழுதியது:

கழுவும் மேசையில் நிற்பவன் என்ற முறையில் செய்முறையைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். ஒவ்வொரு கூடமும் தான் சரிபார்த்து உறுதி செய்த நடைமுறையையே பின்பற்ற வேண்டும். இங்கே எழுதுவதை அதற்கு மாற்றாக எவரும் கொள்ள வேண்டாம்.

பையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சேமிப்பில் நாள்கள் கூடக்கூடத் தட்டணுக்கள் தாமாகவே தூண்டப்பட்டுக்கொண்டிருக்கும்; அப்படிப்பட்ட பையைச் சுழற்றினால் இழப்பு அதிகம். இயன்றவரை புதிய பையை எடுக்க வேண்டும். எடுத்ததும் விளக்குக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நலமான தட்டணுக்கள் தட்டையான வட்ட வடிவில் இருப்பதால், திரவம் நகரும்போது ஒளியைத் திருப்பித் திருப்பி வீசும். பட்டுத்துணியை அசைத்தாற்போல் பைக்குள் பளபளப்பான சுழிகள் ஓடும். உருண்டு போன தட்டணுக்களில் அந்தச் சுழி எழாது. பை மங்கலாக, ஒரே சீராகத் தெரியும். சுழி இல்லாத பையைக் கழுவ எடுக்காதீர்கள். கழுவி முடித்த பிறகும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

அடுத்தது ஏசிடி-ஏ என்னும் உறைதல்தடுப்புக் கரைசலைச் சேர்ப்பது. சுழற்றும் முன் பையின் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். அதில் உள்ள சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; சிட்ரிக் அமிலம் பி.எச். அளவை 6.5 அருகே இறக்குகிறது. அந்த நிலையில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை வெகுவாகக் குறையும். இங்கே கை தாராளமாகிவிடக் கூடாது. 6.2க்குக் கீழே போனால் தட்டணுவுக்கு நேரும் சேதம் மீளாதது. உதவும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகியது. அதனால் ஏசிடி-ஏவைக் கண் மதிப்பில் ஊற்றாமல் எடை பார்த்துச் சேர்க்க வேண்டும்.

சுழற்றி முடித்த பிறகு வரும் கட்டம்தான் பழக்கத்தால் மட்டுமே கைவருவது. மையவிலக்கு எந்திரம் நிற்கும்போது பிரேக் போட்டு நிறுத்தக் கூடாது. தானாக நிற்க விட வேண்டும். பையை ஆடாமல் எடுத்து, அழுத்துதட்டில் வைத்து, மேல்நீரை நிதானமாக வெளியேற்றுவோம். அடியில் வெளிர்மஞ்சளாக, மெத்தென்ற படலமாகத் தட்டணுக்கள் படிந்திருக்கும். மேல்நீர் போகும் குழாயில் வெண்மையான புகைபோல் ஒரு கீற்று தெரிந்த கணமே கிளிப்பை மூட வேண்டும். அது வெளியேறும் தட்டணுக்கள்.

புதிய கரைசலைச் சேர்த்ததும் உடனே பிசைந்து கலக்க வேண்டும் என்று கை துடிக்கும். அப்படிச் செய்யக் கூடாது. அறை வெப்பநிலையில் அசைவின்றிச் சிறிது நேரம் கிடக்க விட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விடுவோர் உண்டு. நெருக்கத்தில் இருந்த தட்டணுக்கள் அந்த ஓய்வில்தான் தளர்ந்து பிரியும். அதன் பிறகு விரல் நுனிகளால் பையின் வெளிப்புறத்தை மெதுவாக வருடினாலே படலம் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கும். கரையாத சிறு திட்டுகள் தெரிந்தால் நசுக்காதீர்கள். மேலும் காத்திருந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். நசுக்கிக் கரைத்த பையில் கட்டிகள் மீண்டும் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

கரைசலைப் பற்றி ஒரு வார்த்தை. ரிங்கர் வகைக் கரைசல்களில் கால்சியம் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதானால் சிட்ரேட் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. ஜப்பானில் பைகார்பனேட் ரிங்கர் கரைசலோடு ஏசிடி-ஏவைக் கலந்து பயன்படுத்துவதும் இதனால்தான். தட்டணுச் சேமிப்புக்கென்றே உருவாக்கிய கரைசல்களில் அசிட்டேட் இருக்கும். தட்டணுக்கள் அதை எரிக்கும்போது அமிலமும் சேர்ந்தே செலவாவதால் பி.எச். நிலைத்து நிற்கும். பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த வகைகள் தட்டணு தூண்டப்படுவதையும் குறைக்கின்றன.

---

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. அந்தப் பையின் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை. எதிர்விளைவு ஏற்பட்ட பின் எடுத்த டிரிப்டேஸ் (கடும் ஒவ்வாமையில் உயரும் நொதி) அளவும் உயர்ந்திருந்தது. ஐ.ஜி.ஏ., ஹேப்டோகுளோபின் சோதனைகளுக்குப் பழைய மாதிரியை அனுப்பியிருக்கிறேன்.

ஒவ்வாமைத் தடிப்பு வரும் எல்லா நோயாளிகளுக்கும் முதலிலிருந்தே கழுவிய பைகளைக் கொடுத்துவிடலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்கிறார். பாதுகாப்பு என்று பார்த்தால் அதில் என்ன தவறு?

---

குருதிவங்கி எழுதியது:

தவறு இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. நான்கைந்து தடிப்புகள் எழுந்து, மருந்து கொடுத்ததும் அடங்கிவிடும் நோயாளிக்கு உயிராபத்து இல்லை. அவருக்காகத் தட்டணுக்களில் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ இழந்து, மீதியையும் ஓரளவு தூண்டப்பட்ட நிலையில் கொடுப்பது அவருக்கே நட்டம். எண்ணிக்கை போதிய அளவு உயராததால் அவருக்கு இன்னொரு பை தேவைப்படும். இன்னொரு கொடையாளரின் இரத்தத்துக்கு அவர் உடல் ஆட்படும். திறந்த முறையில் கழுவினால் நுண்ணுயிர் நுழையும் வாய்ப்பும் கூடுகிறது. பாதுகாப்புக்காகச் செய்வதே வேறு ஆபத்துகளைக் கொண்டுவரும்.

இடைப்பட்ட வழிகள் இருக்கின்றன. பிளாஸ்மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குப் பதிலாகச் சேமிப்புக் கரைசலை நிரப்பிய பைகள் பல நாடுகளில் கிடைக்கின்றன. ஒவ்வாமை எதிர்விளைவுகள் அவற்றில் கணிசமாகக் குறைவு. கழுவிய பையைப் போல முழுப் பாதுகாப்பு இல்லையென்றாலும், அணு இழப்பு இல்லை, சேமிப்புக் காலமும் குறைவதில்லை. தடிப்பு மட்டுமே வரும் நோயாளிக்கு முதலில் இதைப் பரிந்துரைப்பேன். கடுமையான எதிர்விளைவு ஒரு முறை வந்தவர், ஐ.ஜி.ஏ. அறவே இல்லாமல் அதற்கு எதிர்ப்பான் உள்ளவர், ஹேப்டோகுளோபின் இல்லாதவர் ஆகியோருக்குக் கழுவிய பைகளை ஒதுக்கி வைப்பேன். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐ.ஜி.ஏ. குறைவாக இருப்பது மட்டுமே காரணம் ஆகாது. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இன்றி இரத்தம் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஹேப்டோகுளோபின் இல்லாமை கிழக்காசிய மக்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஜப்பானில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இந்த மரபணுவின் இரு பிரதிகளும் இல்லை. கழுவிய தட்டணுக்களைப் பற்றிய நுட்பமான பணிகளில் பல அங்கிருந்து வந்திருப்பதோடு இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

---

சிசுநலம் எழுதியது:

பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு வேறுபட்ட நிலைமையைச் சொல்கிறேன். கழுவுதலின் தேவை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிவதில்லை என்பது என் எண்ணம்.

தாயின் தட்டணுக்களில் எச்.பி.ஏ-1ஏ என்னும் அடையாளம் இல்லாமல், தந்தை வழியாகக் குழந்தைக்கு அது வந்திருந்தால், தாயின் உடல் அதற்கு எதிர்ப்பானை உருவாக்கக்கூடும். அந்த எதிர்ப்பான் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தட்டணுக்களை அழிக்கும். குழந்தை மிகக் குறைந்த எண்ணிக்கையோடு பிறக்கும். மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்படுவதுதான் பெரிய அச்சம். பொதுவான கொடையாளர்களில் பெரும்பாலோருக்கு இந்த அடையாளம் இருப்பதால், அவர்களுடைய தட்டணுக்களும் விரைவில் அழியக்கூடும். அழியாமல் நிற்கக்கூடிய தட்டணுக்கள் தாயிடமே இருக்கின்றன. ஆனால் அவை மிதக்கும் பிளாஸ்மாவில் குழந்தையை வதைக்கும் எதிர்ப்பானும் இருக்கிறது. அணுவை வைத்துக்கொண்டு பிளாஸ்மாவை நீக்குவதற்குக் கழுவுதலே வழி.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். தாயும் குழந்தையும் நெருங்கிய இரத்த உறவினர் என்பதால் இந்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்தே ஆக வேண்டும். அடுத்தது காலம். தாயிடமிருந்து எடுத்து, பரிசோதனைகள் முடித்து, கழுவி, கதிர்வீச்சு கொடுப்பதற்குள் பல மணி நேரம் கடந்துவிடும். குழந்தைக்கு இரத்தக் கசிவு இருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது. இந்த அடையாளம் இல்லாத கொடையாளரின் பை உடனே கிடைக்காவிட்டால், பொதுவான கொடையாளரின் தட்டணுக்களையாவது ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். இம்யூனோகுளோபுலினும் சேர்த்துக் கொடுக்கலாம். கழுவிய பை வரும் என்று காத்திருந்து குழந்தையை இழப்பதை எந்த நடைமுறையாலும் நியாயப்படுத்த முடியாது.

---

முதுநிலை மாணவி எழுதியது:

"விரைந்து ஏற்றிவிட வேண்டும்" என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எவ்வளவு நேரம் என்பதில் குழப்பமாக இருக்கிறது. ஓரிடத்தில் 4 மணி நேரம் என்றும், இன்னோரிடத்தில் 48 மணி நேரம் என்றும் படித்தேன். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

---

ஆய்வகத்தூண் எழுதியது:

இரண்டும் சரியே, அவை வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. பையைத் திறந்து சலைனில் கழுவினால் 4 மணி நேரம் என்பதே பெரும்பாலான இடங்களில் பின்பற்றும் வரம்பு. 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் வைக்கும் பையைத் திறந்த பின் நுண்ணுயிர் பெருகுவதற்கு நேரம் கொடுக்கக் கூடாது என்பது முதல் காரணம். சலைனில் தட்டணுக்கள் நெடுநேரம் தாங்காது என்பது இரண்டாவது. குளிரில் வைத்து நேரத்தை நீட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. குளிர்ந்த தட்டணுக்களின் மேற்பரப்பு மாறிவிடுவதால், ஏற்றியதும் அவை உடலில் வெகு விரைவாக அகற்றப்பட்டுவிடும். அறை வெப்பநிலைச் சேமிப்பே மேல் என்று மர்ஃபியும் கார்ட்னரும் 1969இல் காட்டியது முதல் இதுவே பொது வழக்கம்.

48 மணி நேரம் என்பது ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் தயாரித்து அனுப்பும் கழுவிய தட்டணுக்களுக்கு உரியது. முன்பு அங்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் தானே கழுவிக்கொண்டிருந்தது. 2016 முதல் சங்கமே அதை ஒரு தனித் தயாரிப்பாக வழங்குகிறது. குழாயைத் திறக்காமலே இணைக்கும் கருவியைக் கொண்டு மூடிய முறையில் கழுவுகிறார்கள்; குளுக்கோஸும் பைகார்பனேட்டும் கொண்ட கரைசலில் வைக்கிறார்கள். நுண்ணுயிர் நுழையும் வாய்ப்பைக் குறைத்து, தட்டணுவுக்கு உணவும் அமிலத்துக்கு மாற்றும் கொடுத்துவிட்டால் காலம் நீள்கிறது. ஆனால் அவர்கள் 48 மணி நேரம் வைக்கிறார்கள் என்பதற்காக, திறந்த முறையில் சலைனில் கழுவிய பையை நாமும் அடுத்த நாள்வரை வைத்திருக்க முடியாது.

வார்டில் பணிபுரிவோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: நோயாளி தயாராகும் முன் கழுவச் சொல்லாதீர்கள். கழுவி முடித்து அழைத்தால், நோயாளி ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறார், ஊசிக்குழாய் மாற்ற வேண்டும், ஒப்புதல் படிவம் கையெழுத்தாகவில்லை என்று பதில் வருகிறது. பல மணி நேரம் கைப்பிடித்துத் தயாரித்த பை, காலம் கடந்து வீணாகிறது. அதைக் கொடுத்த கொடையாளரின் உழைப்பும் அதனுடன் போய்விடுகிறது. நோயாளி படுக்கையில் இருக்கிறார், ஊசிக்குழாய் சீராக ஓடுகிறது, முன்மருந்து தயார் என்று வார்டு உறுதிசெய்த பிறகே நாங்கள் சுழற்றத் தொடங்குகிறோம்.

---

இரவுப்பணி மருத்துவர் எழுதியது:

அந்த வேண்டுகோளை எங்கள் செவிலியர் குழுவின் பணிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன். சோதனை முடிவுகளும் வந்துவிட்டன. ஐ.ஜி.ஏ. அளவும் ஹேப்டோகுளோபின் அளவும் இயல்பாகவே உள்ளன. அப்படியானால் காரணம் தெரியாத நிலையில் கழுவிய பை கொடுப்பது சரியா?

---

குருதிவங்கி எழுதியது:

சரியே. கடுமையான ஒவ்வாமை எதிர்விளைவு கண்ட பலருக்கு எந்தப் புரதம் காரணம் என்று கடைசிவரை தெரிவதில்லை. காரணம் தெரியாவிட்டாலும், மீண்டும் மீண்டும் வந்தது, முன்மருந்தால் அடங்கவில்லை, உயிராபத்துவரை சென்றது என்ற மூன்றும் உங்கள் நோயாளியிடம் ஒருசேர இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்தால் விண்ணப்பத்தை ஏற்க நான் தயங்குவதில்லை.

ஆனாலும் கழுவிய பை என்பதற்காகக் கவனத்தைத் தளர்த்த வேண்டாம். முன்பு போட்ட கணக்கில் எஞ்சிய சிறு அளவும் சிலருக்குப் போதுமானதாக இருக்கக்கூடும். முதல் பையைப் பகல் நேரத்தில், மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். முதல் கால் மணி நேரம் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்; அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நோயாளி ஏ.சி.இ. தடுப்பு வகை இரத்த அழுத்த மருந்து எடுக்கிறாரா என்றும் பாருங்கள். அந்த மருந்தோடு, படுக்கையருகே சில வகை வெள்ளணு வடிகட்டிகளைப் பயன்படுத்தும்போது இரத்தக்குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்னும் பொருள் தேங்கி அழுத்தம் சரிவதுண்டு. அது ஒவ்வாமை அல்ல, கழுவினாலும் தீராது.

---

முதுநிலை மாணவி எழுதியது:

கடைசியாக ஒன்று. கழுவிய பை நன்றாக அமைந்திருக்கிறது என்பதை அனுப்பும் முன் எப்படி உறுதி செய்கிறீர்கள்? 4 மணி நேரத்தில் எவ்வளவுதான் சோதிக்க முடியும்?

---

ஆய்வகத்தூண் எழுதியது:

அனுப்பும் முன் செய்பவை குறைவு. சுழி தெரிகிறதா, கட்டிகள் இல்லையா, நிறம் சரியா என்று கண்ணால் பார்ப்போம். பையை எடைபோட்டுக் கன அளவைக் குறிப்போம். சிறு மாதிரி எடுத்துத் தட்டணு எண்ணிக்கையைப் பார்ப்போம்; அந்த எண்ணையும், கழுவும் முன் இருந்த எண்ணையும், புதிய காலாவதி நேரத்தையும் வார்டுக்குப் போகும் படிவத்தில் எழுதுவோம். பழைய லேபிளில் உள்ள காலாவதி நாள் மறைக்கப்பட்டு, புதிய நேரம் மட்டுமே தெரிய வேண்டும். இதை இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மீதமுள்ள சோதனைகள் நடைமுறையை உறுதி செய்வதற்கானவை. வெளியேற்றிய மேல்நீரிலும் கழுவிய பையின் மாதிரியிலும் புரத அளவைப் பார்த்து, எவ்வளவு நீங்கியது என்று கணக்கிடுகிறோம். பி.எச். பார்க்கிறோம், மாதிரியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புகிறோம். இவற்றின் முடிவுகள் அந்த நோயாளிக்குப் பை ஏறிய பிறகுதான் வரும். ஆனால் வந்ததும் பதிவேட்டில் ஏற்றி, ஒருவர் கழுவிய பைகளில் மட்டும் இழப்பு கூடுதலாக இருக்கிறதா, குறிப்பிட்ட எந்திரத்தில் சுழற்றியவற்றில் கட்டிகள் அடிக்கடி தோன்றுகின்றனவா என்று தொடர்ந்து பார்த்து வருகிறோம். எங்கள் கூடத்தில் ஓய்வு நேரத்தை நீட்டியது அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான். நீட்டிய பிறகு கழுவிய பின் எண்ணிக்கை கண்கூடாக மேம்பட்டது. உங்கள் கூடத்தில் தொடங்குவதாக இருந்தால், முதலில் நோயாளிக்குப் பயன்படுத்த முடியாமல் ஒதுக்கிய பைகளில் கழுவிப் பழகுங்கள். எண்ணிக்கையும் புரத அளவும் பை தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கத் தொடங்கிய பிறகு, உங்கள் பொறுப்பு மருத்துவரின் ஒப்புதலோடு முதல் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளலாம்.